சமையலறை அலமாரிகள்: எந்த இடத்துக்கு எந்தப் பலகை, எந்தப் பாத்திரத்துக்கு எந்த அறை

எங்கள் முதல் வீட்டுச் சமையலறையில், பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே இருந்த அலமாரி இரண்டாவது மழைக்காலம் முடிவதற்குள் உப்பிவிட்டது. அடிப்பலகையின் முன்விளிம்பு காபியில் ஊறிய ரஸ்க் போல நெகிழ்ந்துபோய், ஒருநாள் கதவைத் திறந்தபோது கீல் திருகோடு கையில் வந்துவிட்டது. செய்து கொடுத்தவர் தண்ணீர் பட்டாலும் ஒன்றும் ஆகாது என்று சொல்லித்தான் கொடுத்திருந்தார். பிரித்துப் பார்த்தபோதுதான் அது மைக்கா எனும் லேமினேட் தாள் ஒட்டிய பார்ட்டிகிள் போர்டு என்று தெரிந்தது. ஆனால் அதே பலகையில் செய்த மேல் அலமாரிகள், பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து நாங்கள் அந்த வீட்டைவிட்டுக் கிளம்பிய நாள்வரை எந்தக் குறையும் இல்லாமல் இருந்தன.

அந்த அனுபவத்திலிருந்துதான் நான் சமையலறையை இடம் இடமாகப் பிரித்துப் பார்க்கத் தொடங்கினேன். தண்ணீர் எங்கே சொட்டும், ஆவி எங்கே அடிக்கும், எடை எங்கே இறங்கும் என்று பார்த்தால் எந்த இடத்துக்கு எந்தப் பலகை என்பது பெரும்பாலும் தானே தெரிந்துவிடும். அதற்கும் முன்னால் அந்த இடத்தில் எதை வைக்கப்போகிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டும். நம்மில் பலர் நிறத்திலிருந்து தொடங்கிப் பாத்திரத்தில் வந்து முடிக்கிறோம். கீழே உள்ள வரிசை அதற்கு நேர் எதிரானது.

முதல் படி: பாத்திரங்களை எண்ணுதல்

ஒரு விடுமுறை நாளில் சமையலறைச் சாமான்கள் அனைத்தையும் கூடத்தில் இறக்கி வையுங்கள். அன்றாடம் கையில் எடுப்பவை, வாரத்துக்கு ஓரிரு முறை எடுப்பவை, பொங்கலுக்கும் விருந்துக்கும் மட்டும் எடுப்பவை என்று மூன்று குவியலாகப் பிரியுங்கள். நான்கு பேர் உள்ள வீட்டிலும் மூன்றாவது குவியலே பெரிதாக இருப்பதைப் பார்ப்பீர்கள்; சீர் வரிசையில் வந்த அண்டாவும் குண்டானும் தூக்குவாளிகளும் பெரும்பாலும் அதில்தான் கிடக்கும். அவற்றுக்குப் பரண் போதும். மேடைக்குக் கீழே உள்ள விலைமதிப்பான இடம் முதல் குவியலுக்கு உரியது.

பிறகு அளவு நாடாவை எடுத்து, ஒவ்வொரு வகையிலும் மிக உயரமான, மிக அகலமான பாத்திரத்தை மட்டும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டு 5 லிட்டர் குக்கர் மூடியோடு 22 செ.மீ. உயரம், இட்லிப் பானை 30 செ.மீ., தோசைக்கல் கைப்பிடி நீங்கலாக 30 செ.மீ. விட்டம். கடைக்காரர் காட்டும் இழுப்பறை 18 செ.மீ. உயரம்தான் என்றால் குக்கர் அதில் நிற்காது என்பது அந்த நிமிடமே தெரிந்துவிடும். அரிசியை 25 கிலோ மூட்டையாக வாங்குபவரா, ஐந்து கிலோ பையாக வாங்குபவரா என்பதையும் அந்தத் தாளில் எழுதுங்கள். மூட்டையாக வாங்குபவருக்கு டிரம் வைக்கத் தரைமட்டத்திலேயே ஓர் இடம் தேவைப்படும்.

இரண்டாம் படி: அறையை அளத்தல்

சுவரின் நீளத்தைத் தரையருகே ஒருமுறை, மேடை உயரத்தில் ஒருமுறை, மேல் அலமாரி உயரத்தில் ஒருமுறை என மூன்று இடங்களில் அளக்க வேண்டும். நம் ஊர்ச் சுவர்கள் நேராக இருப்பது அபூர்வம். பூச்சு ஓரிடத்தில் தடித்து, ஓரிடத்தில் மெலிந்திருக்கும். மூன்றில் மிகச் சிறிய அளவையே அலமாரிக்கு எடுத்துக்கொள்ளுங்கள். டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் அளந்தால், தரையில் கலவையும் டைல்ஸும் சேர்ந்து சுமார் 5 செ.மீ. ஏறும் என்பதைக் கணக்கில் சேருங்கள். இல்லையென்றால் மேடை அந்த அளவுக்குத் தாழ்ந்துபோகும். சன்னல், தூண், தண்ணீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய், மின்பெட்டி ஆகியவை மூலையிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன என்பதைப் படத்தில் குறியுங்கள்.

சுவரில் ஈரக்கசிவு இருக்கிறதா என்பதையும் இப்போதே பார்த்துவிட வேண்டும். சமையலறைக்கு அடுத்த அறை குளியலறையாக இருந்தால் இந்தச் சோதனை மிக அவசியம். கசியும் சுவரில் மிக உயர்ந்த ப்ளைவுட்டைப் பொருத்தினாலும் அது பின்புறத்திலிருந்து பூஞ்சை பிடிக்கும், முன்புறத்தில் நமக்குத் தெரியவே தெரியாது.

மூன்றாம் படி: மேடையின் உயரமும் அமைப்பும்

மேடை உயரத்துக்கு எல்லோருக்கும் பொருந்தும் எண் கிடையாது. அதிகம் சமைப்பவர் செருப்பில்லாமல் நின்று முழங்கையை மடக்கும்போது, தரையிலிருந்து முழங்கை வரை உள்ள உயரத்தில் 10 முதல் 15 செ.மீ. கழித்தால் அவருக்கு ஏற்ற உயரம் கிடைக்கும். ஐந்து அடி உயரமுள்ளவருக்கு அது 80 முதல் 85 செ.மீ. வரை வரும், ஐந்தரை அடி உள்ளவருக்கு 90 வரை போகலாம். மேடைமேல் வைக்கும் கேஸ் அடுப்பாக இருந்தால் இன்னொரு சங்கடம் உண்டு. அடுப்பே பத்து செ.மீ.க்கு மேல் உயரம், அதன்மேல் குக்கர் ஏறினால் உள்ளே எட்டிப் பார்க்கத் தோளைத் தூக்க வேண்டியிருக்கும். அடுப்பு வைக்கும் பகுதியை மட்டும் 8 முதல் 10 செ.மீ. இறக்கிக் கட்டுவது பழைய கொத்தனார்களுக்குத் தெரிந்த முறைதான். மாடுலர் கிச்சன் வந்த பிறகு அதை யாரும் கேட்பதில்லை.

மேடையின் ஆழம் 60 செ.மீ., அதாவது இரண்டு அடி. மேல் அலமாரியின் ஆழம் 30 முதல் 35 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் நறுக்கும்போது நெற்றியில் இடிக்கும். மேடைக்கும் மேல் அலமாரிக்கும் இடையே 60 செ.மீ. விடுங்கள். அடுப்புக்கும் சிம்னிக்கும் இடையே 65 முதல் 75 செ.மீ. இடைவெளி வழக்கம். சிம்னியின் குழாய் எவ்வளவு குறைந்த வளைவுகளோடு வெளியேறுகிறதோ அவ்வளவு நன்றாக இழுக்கும் என்பதால், அடுப்பை வெளிச்சுவரை ஒட்டி வைப்பது நல்லது.

அமைப்பைப் பொறுத்தவரை, ஏழு அடிக்குக் குறைவான அகலம் உள்ள அறையில் ஒரே சுவர் அமைப்போ, ‘எல்’ வடிவமோதான் பொருந்தும். இரண்டு பக்கமும் மேடை போட்டால் நடுவே குறைந்தது 90 செ.மீ., இருவர் சேர்ந்து சமைக்கும் வீட்டில் 105 முதல் 120 செ.மீ. வழி வேண்டும், கீழ் இழுப்பறையை முழுவதும் இழுத்தாலும் அதன் முன்னால் ஒருவர் குனிய முடிகிறதா என்று பாருங்கள். ‘யூ’ வடிவம் இடம் அதிகம் தருவதுபோல் தோன்றினாலும் இரண்டு மூலைகளைத் தின்றுவிடும். மூலைக்கென்று விற்கும் சுழலும் கூடைகள் விலை மிகுந்தவை, எங்கள் வீட்டில் அதில் வெங்காயக் கூடைதான் இருக்கிறது.

அடுப்பு, தொட்டி, ஃபிரிட்ஜ் ஆகிய மூன்றையும் இணைக்கும் முக்கோணத்தின் மூன்று பக்கங்களும் சேர்ந்து 13 முதல் 26 அடிக்குள் இருக்க வேண்டும் என்ற விதி, 1940களில் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வுகளிலிருந்து பரவியது. நம் வீடுகளில் ஃபிரிட்ஜ் பாதிநேரம் கூடத்தில் இருக்கிறது. தினமும் கால் நடப்பதோ அடுப்புக்கும் தொட்டிக்கும் மிக்ஸிக்கும் இடையேதான். ஆகவே முக்கோணத்தின் மூன்றாவது முனையாக அரைக்கும் இடத்தை வைத்துக்கொண்டு வரைந்து பாருங்கள். தொட்டிக்கும் அடுப்புக்கும் நடுவே குறைந்தது இரண்டடி வெற்று மேடை இருந்தால், கழுவி, நறுக்கி, தாளிக்கும் வேலை ஒரே திசையில் நகரும். வாஸ்து பார்ப்பவர்கள் அடுப்பைத் தென்கிழக்கில் வைத்துக் கிழக்கு நோக்கிச் சமைக்க விரும்புவார்கள். அப்படியானால் குழாய் வேலை தொடங்குவதற்கு முன்பே அதை முடிவு செய்துவிடுங்கள். மேடை போட்ட பிறகு பெரியவர்கள் வந்து திசையைச் சொல்வதால் உடைக்கப்படும் கிரானைட் கொஞ்சநஞ்சமல்ல.

நான்காம் படி: சிலிண்டர், கிரைண்டர், பிளக்

14.2 கிலோ எரிவாயு உள்ள சிலிண்டர், தன் எடையோடு சேர்ந்து முப்பது கிலோ அளவுக்கு வரும். அதைப் பலகைமேல் வைக்காமல் தரையிலேயே நிறுத்த வேண்டும். அந்தப் பகுதிக்கு அடிப்பலகையே வேண்டாம். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது என்பதால் கசிந்தால் மேலே போகாமல் தரையில் படியும். கதவை இறுக மூடிய அலமாரிக்குள் சிலிண்டரை அடைப்பது ஆபத்து. முடிந்தால் சிலிண்டரை வெளியே பால்கனியிலோ சர்வீஸ் பகுதியிலோ வைத்துச் செம்புக் குழாய் வழியே கொண்டுவாருங்கள். முடியாவிட்டால் அந்த இடத்தைக் கதவில்லாமல் விடுங்கள், அல்லது தரைமட்டம் வரை இடைவெளி உள்ள சட்டக் கதவு போடுங்கள். அடுப்பு எப்போதும் சிலிண்டரைவிட உயரத்தில் இருக்க வேண்டும்.

வெட் கிரைண்டருக்கு நிரந்தர இடம் ஒதுக்காத சமையலறை எவ்வளவு அழகாக இருந்தாலும் ஒரு மாதத்தில் அலங்கோலமாகிவிடும். பத்து கிலோவுக்கு மேல் எடையுள்ள டேபிள்டாப் கிரைண்டரை வாரத்துக்கு இருமுறை அலமாரியிலிருந்து தூக்கி வைக்க யாருக்கும் முதுகு ஒத்துழைக்காது. கல்லையும் கிரைண்டர் பாத்திரத்தையும் கழுவ வேண்டியிருப்பதால் அதன் இடம் குழாயிலிருந்து ஓர் எட்டு தூரத்தில் இருக்கட்டும். கல்லைத் தூக்கி எடுக்க மேலே வெட்டவெளி வேண்டும் என்பதால், அந்தப் பகுதிக்கு மேல் அலமாரி போடாமல் விடுவது நல்லது. எவர்சில்வர் தட்டு ஸ்டாண்டைத் தொட்டிக்கு நேர்மேலே சுவரில் மாட்டினால், தட்டிலிருந்து வடியும் நீர் தொட்டியிலேயே விழும்.

மிக்ஸி 750 வாட், கிரைண்டர் 150 வாட் அளவுதான். இரண்டுக்கும் 6 ஆம்பியர் பிளக் போதும். 230 வோல்ட்டில் 6 ஆம்பியர் என்றால் 1,380 வாட் மட்டுமே தாங்கும் என்பதால், 2,000 வாட் இண்டக்ஷன் அடுப்புக்கும் ஓவனுக்கும் தனித்தனி 16 ஆம்பியர் இணைப்புகள் வேண்டும். இவற்றைச் சுவர் டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் சொல்லிவிடுங்கள்.

ஐந்தாம் படி: பலகையைத் தேர்ந்தெடுத்தல்

ப்ளைவுட்டில் நாம் கேட்க வேண்டிய தரங்கள் மூன்று. எம்ஆர் என்பது காற்றின் ஈரத்தைத் தாங்கும் சாதாரண வகை. கடையில் ‘கமர்ஷியல்’ என்றால் இதுதான். பிடபிள்யூஆர் கொதிநீரைச் சில மணி நேரம் தாங்கும். இவை இரண்டும் ஐஎஸ் 303 என்ற இந்தியத் தரநிலையில் வருபவை. பிடபிள்யூபி எனப்படும் மரைன் ப்ளைவுட் ஐஎஸ் 710 தரத்துக்கு உட்பட்டது. அதன் பசைப்பிடிப்பை 72 மணி நேரம் கொதிநீரில் வைத்துச் சோதிக்கிறார்கள். பலகையில் ‘710’ என்று அச்சிட்டிருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். ஐஎஸ்ஐ முத்திரையோடு சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். அதை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பிஐஎஸ் கேர் செயலியில் தட்டினால் அந்த உரிமம் யாருடையது, நடப்பில் உள்ளதா என்று தெரிந்துவிடும். ஆசாரியோடு கடைக்குப் போய் நின்று இதைச் செய்ய ஐந்து நிமிடம் போதும்.

பார்ட்டிகிள் போர்டு மரத்தூளைப் பசையிட்டு அழுத்தியது. விலை குறைவு, மட்டமாக இருக்கும், ஆனால் ஒருமுறை நீர் குடித்தால் திரும்பாது, ஒருமுறை கழற்றிய திருகு மறுபடி இறுகாது. மரநாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப் வழவழப்பானது, பெயின்ட் அடிக்கும் கதவுகளுக்கு ஏற்றது. ஈரத்தில் அதுவும் உப்பும். எச்டிஎச்எம்ஆர் என்று இப்போது விற்கப்படுவது அடர்த்தியாக அழுத்தி ஈரத்தைத் தாங்கும்படி செய்த நார்ப்பலகை. கதவுகளுக்கு நன்றாகப் பொருந்துகிறது, ப்ளைவுட் கதவுகளைப் போல வளைவதில்லை. ஆனாலும் கனம் அதிகம், கீல்கள் நல்லவையாக இருக்க வேண்டும். பிளாஸ்டிக்கான பிவிசி, மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த டபிள்யூபிசி பலகைகளைக் கரையான் தொடாது, தண்ணீரும் ஒன்றும் செய்யாது. அவற்றின் குறை வேறிடத்தில் இருக்கிறது: நீளமான தட்டாகப் போட்டால் பருப்பு டப்பாக்களின் எடையில் சில மாதங்களில் நடுவே தொய்யும், அடுப்பருகே சூட்டில் இளகும், அடர்த்தி குறைந்த பலகையில் கீல் திருகு தளரும்.

நம் ஊரில் இன்னொரு வழியும் உண்டு. கடப்பா கல்லை நிறுத்திப் பிரித்து, குறுக்கே கல் தட்டுப் போட்டு, முன்னால் சட்டமும் கதவும் மட்டும் பொருத்துவது. கரையானுக்கும் தண்ணீருக்கும் பயமில்லை, செலவும் குறைவு. கல்லின் தடிமன் இடத்தைத் தின்னும், இழுப்பறைகளை நேராகப் பொருத்துவது கடினம் என்பவைதான் குறைகள். மாடுலர் கடைகளில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். என் கருத்தில், தரைத்தள வீடுகளில் தொட்டிப் பகுதிக்கு இதைவிடச் சிறந்தது எதுவும் இல்லை.

இடங்களுக்கு ஏற்பப் பிரித்தால் இப்படி வரும். தொட்டிக்குக் கீழே கடப்பா கல் அல்லது அடிப்பலகையே இல்லாமல் தரை டைல்ஸை உள்ளே வரை நீட்டிவிட்டு, கதவுச் சட்டம் மட்டும் டபிள்யூபிசியில். அடுப்புக்குக் கீழேயும் மற்றக் கீழ் அலமாரிகளுக்கும் 18 மி.மீ. பிடபிள்யூபி ப்ளைவுட். மேல் அலமாரிகளுக்கு பிடபிள்யூஆர் போதும். பரணுக்கு எம்ஆர் கூடப் போதும், ஓட்டு வீடாகவோ கசியும் மாடியாகவோ இல்லாதவரை. மரைன் ப்ளைவுட்டைப் பரண் வரை போட்டுச் செலவழிப்பவர்கள் அந்தப் பணத்தைக் கீல்களிலும் இழுப்பறை ஓடும் சேனல்களிலும் போட்டிருக்கலாம்.

தண்ணீர் உண்மையில் எப்படி உள்ளே நுழைகிறது என்பதை ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டால் இந்தப் பிரிவினை விளங்கும். தொட்டியின் கழிவுக் குழாய் இணைப்பில் ஒரு சொட்டு தொங்குகிறது. அது விழுந்து, குழாய்க்காகப் பலகையில் அறுத்த துளையை நோக்கி ஓடுகிறது. பலகையின் மேலும் கீழும் மைக்கா இருக்கிறது. அந்தத் துளையின் உள்சுற்றில் மட்டும் மூடாத மரம் அப்படியே தெரிகிறது. ப்ளம்பர் அன்று அவசரமாக அறுத்துவிட்டுப் போன இடம் அது. சொட்டு அங்கேதான் உறிஞ்சப்படுகிறது. எனவே எந்தப் பலகையாக இருந்தாலும் அறுத்த விளிம்புகள் அனைத்துக்கும் எட்ஜ் பேண்ட் எனும் மூடுபட்டையும், துளைகளின் உள்சுற்றுக்கு சிலிக்கானும் போடச் சொல்லுங்கள். நீங்களே நின்று பாருங்கள். மேடைக் கிரானைட்டின் முன்விளிம்புக்கு அடியில் ஒரு கோடு போலப் பள்ளம் அறுத்தால், வழியும் நீர் உள்நோக்கிப் போகாமல் அங்கேயே சொட்டிவிடும். கல் அறுப்பவருக்குச் சில நிமிட வேலைதான், ஆனால் கேட்காவிட்டால் செய்ய மாட்டார்.

சமையலறைத் தரையை வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவும் வீடுகளில், கீழ் அலமாரிகள் 10 செ.மீ. உயரப் பிளாஸ்டிக் கால்களில் நிற்க வேண்டும். முன்னால் வரும் மறைப்புப் பட்டையைக் கிளிப்பில் மாட்டும் வகையாகக் கேளுங்கள். மாதம் ஒருமுறை கழற்றிப் பெருக்கினால் கரப்பான் குடியேறாது.

ஆறாம் படி: மேற்பரப்பு

வெளியே 1 மி.மீ. மைக்கா, உள்ளே 0.8 மி.மீ. வெளிர்நிற மைக்கா என்பதே நீடித்துழைக்கும் எளிய கூட்டணி. கதவின் ஒரு பக்கம் மட்டும் மைக்கா ஒட்டி, மறுபக்கம் பெயின்ட் அடித்துக் கொடுப்பவர்கள் உண்டு. அத்தகைய கதவு ஒரு பக்கமாக இழுபட்டு வளையும். மெம்பிரேன் எனும் மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டிய கதவுகள் அடுப்புச் சூட்டில் ஓரங்களில் உரியத் தொடங்கும். அக்ரிலிக் பளபளப்பு கண்ணைப் பறிக்கும், கீறலையும் எண்ணெய்க் கைரேகையையும் அதே பளபளப்போடு காட்டும். தினமும் தாளிக்கும் வீட்டுக்கு மங்கலான, நடுத்தர நிற மைக்காவையே நான் சொல்வேன்.

ஏழாம் படி: கீலும் சேனலும்

90 செ.மீ. வரை உயரமுள்ள கதவுக்கு இரண்டு கீல்கள், அதற்கு மேல் மூன்று. இழுப்பறைகளுக்கு முழுவதும் வெளியே வரும் சேனல் வேண்டும். பாதி வரை வரும் சேனலில் பின்னால் இருக்கும் பாத்திரம் எப்போதும் பின்னாலேயே இருக்கும். கம்பிக் கூடைகள் 304 தர எவர்சில்வரில் இருக்கட்டும். காந்தம் ஒட்டாவிட்டால் 304 என்று சில கடைகளில் செய்து காட்டுவார்கள். மலிவான 202 தரத்திலும் காந்தம் பெரும்பாலும் ஒட்டாது, ஆகையால் அது சோதனையே ஆகாது. பில்லில் தரத்தை எழுதி வாங்குவதே வழி. சென்னை, தூத்துக்குடி, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் இந்த வேறுபாடு ஒரே ஆண்டில் பழுப்புப் புள்ளிகளாகத் தெரியும்.

எட்டாம் படி: உள்ளே அடுக்குதல்

அடுப்புக்குக் கீழே மூன்று இழுப்பறைகள்: மேலே 12 முதல் 15 செ.மீ., நடுவே 20, கீழே 35. மேல் இழுப்பறையில் கரண்டிகளும் அஞ்சறைப் பெட்டியும், நடுவில் தட்டு, கிண்ணங்களும், கீழே குக்கரும் இட்லிப் பானையும். தோசைக்கற்களையும் வாணலிகளையும் படுக்கையாக அடுக்காமல், 15 செ.மீ. அகலமுள்ள ஒரு குறுகிய பகுதியில் நெடுக்காக நிறுத்தினால் அடியில் உள்ளதை எடுக்க மேலே உள்ளதைத் தூக்க வேண்டியதில்லை. எண்ணெய் பாட்டில்களை அடுப்புக்கு இடப்புறமா வலப்புறமா வைப்பது என்பதைத் தாளிக்கும் கை தீர்மானிக்கட்டும். உப்பையும் புளியையும் எவர்சில்வர் கூடையில் திறந்து வைக்காதீர்கள். பீங்கான் ஜாடிக்கு அங்கே இடம் விடுங்கள். கண் மட்டத்தில் உள்ள மேல் அலமாரித் தட்டு பருப்பு வகைகளுக்கு, அதற்கு மேல்தட்டு அவ்வப்போது தேவைப்படுபவற்றுக்கு. மேல் அலமாரித் தட்டு ஒன்றின் நீளம் இரண்டடியைத் தாண்டினால் நடுவே தாங்கல் கேளுங்கள்.

ஒன்பதாம் படி: மதிப்பீடும் சரிபார்ப்பும்

இரண்டு பேரிடம் மதிப்பீடு வாங்கினால், ஒருவர் சதுர அடிக் கணக்கிலும் மற்றவர் ஓட்ட அடிக் கணக்கிலும், அதாவது நீளத்தை மட்டும் அளந்தும், சொல்வார்; சதுர அடியிலும் ஒருவர் கதவின் முகப்பை மட்டும் அளப்பார், இன்னொருவர் உள்தட்டுகளையும் சேர்ப்பார். ஒப்பிட முடிய வேண்டுமானால், உங்கள் படத்தில் ஒவ்வொரு பெட்டிக்கும் எண் கொடுத்து, எண் வாரியாகப் பலகை, தடிமன், மைக்கா, கீல், சேனல், பின்பலகை ஆகியவற்றை எழுதி விலை கேளுங்கள். ‘ப்ளைவுட்’ என்று மட்டும் எழுதிய மதிப்பீட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பலகை வந்திறங்கும் நாளில் முத்திரையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் மைக்கா ஒட்டிய பிறகு அது தெரியாது. பொருத்தி முடித்ததும் ஒவ்வொரு கதவையும் கிட்டத்தட்ட மூடும் நிலைக்குக் கொண்டுவந்து கையை எடுங்கள். மெதுவாக மூடும் கீல் தானே மூட வேண்டும், பக்கத்துக் கதவை உரசக் கூடாது. கீழ் இழுப்பறையில் உங்கள் வீட்டுக் கனமான பாத்திரங்களை நிரப்பி இழுத்துப் பாருங்கள். காலி இழுப்பறை யார் செய்தாலும் வழுக்கிக்கொண்டு வரும். கடைசித் தவணையைக் கொடுப்பதற்கு முந்தைய இரவு, தொட்டியை விளிம்பு வரை நிரப்பி ஒரேயடியாகத் திறந்துவிட்டு, கழிவுக் குழாய் இணைப்புக்குக் கீழே ஒரு செய்தித்தாளை விரித்துவிட்டுத் தூங்கப் போங்கள். காலையில் தாள் காய்ந்திருந்தால் பணத்தைக் கொடுக்கலாம்.